மணி அடிச்சாச்சு! புறநகர்ப் பள்ளிச் சிறப்புக் கேள்வி-பதில்

இந்த இதழில் ஒரே பாடவேளைதான். ஆவடியிலிருந்து வண்டலூர் வரை சென்னையைச் சுற்றி நிற்கும் இருபாலர் அரசு மேல்நிலைப்பள்ளிகளைப் பற்றி வந்த கேள்விகள் மட்டும். 'பேர் வேண்டாம், பையன் அங்கேதான் படிக்கிறான்' என்று பலர் எழுதியிருந்ததால், ஊர் மட்டும் போட்டிருக்கிறோம்.

எங்கள் பள்ளியில் எந்த இரண்டு கட்டடமும் ஒரே உயரத்தில், ஒரே நிறத்தில் இல்லையே, ஏன்?
- ஓர் அப்பா, பம்மல்

ஒரே நாளில் கட்டிய பள்ளி இல்லை என்பதால். புறநகர்ப் பள்ளிகளில் பெரும்பாலானவை கிராமத்துத் தொடக்கப்பள்ளியாகப் பிறந்தவை. 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்துக்குப் பிறகு இத்தகைய பள்ளிகள் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்புக்கு வந்தன. ஊர் பெருக்கப் பெருக்க நடுநிலை, உயர்நிலை, மேல்நிலை என்று தரம் உயர்ந்தன. ஒவ்வொரு உயர்வுக்கும் ஒரு கட்டடம். ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஒரு நிதி. ஓடு போட்டது ஒரு காலம், பொதுப்பணித் துறை கட்டியது ஒரு காலம், நபார்டு கடனில் எழுந்தது இன்னொரு காலம். இடையில் எம்.எல்.ஏ. நிதியில் ஒரு வகுப்பறை, எம்.பி. நிதியில் ஒரு சுற்றுச்சுவர். வாசலில் நின்று திறப்புவிழாக் கல்வெட்டுகளை வரிசையாகப் படியுங்கள். தொகுதியின் அரசியல் வரலாறு இலவசமாகக் கிடைக்கும்.

ஒரே காம்பவுண்டுக்குள் இரண்டு ஹெச்.எம். இருக்கிறார்கள். யாரிடம் லீவு லெட்டர் கொடுப்பது?
- இரண்டு பிள்ளைகளின் அம்மா, குன்றத்தூர்

சின்னவன் ஐந்தாம் வகுப்புக்குள் இருந்தால் ஒருவரிடம், பெரியவள் ஐந்தைத் தாண்டியிருந்தால் மற்றவரிடம். நடுநிலைப்பள்ளி உயர்நிலையாகும்போது 6ஆம் வகுப்பிலிருந்து மேலே உள்ளவை பள்ளிக் கல்வி இயக்ககத்துக்குப் போகின்றன. 1 முதல் 5 வரை தனித் தொடக்கப்பள்ளியாகத் தொடக்கக் கல்வி இயக்ககத்திலேயே தங்கிவிடுகின்றன. வேப்பமரம் ஒன்றுதான், அதன் நிழலுக்குத்தான் இரண்டு இயக்குநர்கள். இருவருக்கும் ஒரே தண்ணீர்த் தொட்டி என்றால், மோட்டார் பழுதாகும் நாளில் பள்ளி நிர்வாகம் என்றால் என்ன என்று நேரிலேயே கற்றுக்கொள்ளலாம்.

அம்பத்தூரில் இருக்கும் எங்கள் பள்ளி சென்னையா, புறநகரா?
- பழைய மாணவர், அம்பத்தூர்

2011இல் சென்னை மாநகராட்சி எல்லை விரிந்தபோது அம்பத்தூர் உள்ளே வந்துவிட்டது. தாம்பரமோ 2021இல் தனி மாநகராட்சியாகிவிட்டது. ஆவடி அதற்கும் முன்பே, 2019இல். ஆக, காகிதத்தில் புறநகர் என்பதே அருகிவருகிறது. ஆனால் மழைக்காலத்தில் பள்ளி மைதானத்தில் எத்தனை நாள் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். சரியான விலாசம் தெரிந்துவிடும்.

இந்தப் பள்ளிகளெல்லாம் திடீரென்று பெரிதானது எப்போது?
- ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், பெரம்பூர்

உங்கள் துறையிடமிருந்தே தொடங்கலாம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931இல் ஓடத் தொடங்கியது. தண்டவாளம் ஓரமாகக் குடும்பங்கள் நகர்ந்தன. 1955இல் பெரம்பூர் ரயில்பெட்டித் தொழிற்சாலை, 1960களில் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, அம்பத்தூர்த் தொழிற்பேட்டை என்று வந்தபோது, வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகளும் கூடவே வந்தார்கள். 1990களில் ஸ்ரீபெரும்புதூர், மறைமலைநகர் பக்கம் கார்த் தொழிற்சாலைகள் எழுந்தபோது அதே கதை இன்னும் கொஞ்சம் தெற்கே, மேற்கே நடந்தது. தொழிற்சாலைக்கு நிலம் எடுப்பவர்கள் பிள்ளைகளின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுப்பதில்லை. அந்தக் கணக்கை ஜூன் மாதம் அட்மிஷன் வரிசையில் ஹெச்.எம். போட்டுக்கொள்கிறார்.

ஆண், பெண் சேர்ந்து படிக்கும் பள்ளியை அரசு ஒரு கொள்கையாகத்தானே தொடங்கியது?
- சமூகவியல் மாணவி, தாம்பரம்

கொள்கையைவிடச் சிக்கனம் முக்கியக் காரணம். ஊரில் ஒரு பள்ளிக்குத்தான் பிள்ளைகள், ஒரு பள்ளிக்குத்தான் வாத்தியார்கள். ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று என்று கட்ட வழியில்லை, சேர்த்து உட்காரவைத்தார்கள். ஆ. லட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1952-53இல் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவும் இந்த இரட்டை மனதோடுதான் பேசியது. ஆணுக்கும் பெண்ணுக்கும் கல்வியில் வேறுபாடு வேண்டாம் என்றது. ஆனால் கேட்கிற இடங்களில் பெண்களுக்குத் தனிப் பள்ளி திறக்க முயலவேண்டும் என்றும் சொன்னது. அதன்படியே நடந்தது. கூட்டம் பெருத்ததும் மாணவிகளைப் பிரித்து அரசு பெண்கள் மேல்நிலைப்பள்ளி வந்தது. மிச்சமிருந்தது ஆண்கள் பள்ளியானது. பிரிக்க இடமோ பணமோ கிடைக்காத ஊர்களில் இருபாலர் பள்ளி அப்படியே நிலைத்தது. நல்ல காரியங்கள் சில சமயம் பட்ஜெட் பற்றாக்குறையாலும் நடக்கும்.

சேர்ந்து படிப்பதை அந்தக் காலத்தில் எதிர்க்கவில்லையா?
- வாசகர், செங்கல்பட்டு

எதிர்க்காமலா? முத்துலட்சுமி ரெட்டி புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் சேர விண்ணப்பித்தபோது, ஆண்கள் படிக்கும் இடத்தில் ஒரு பெண்ணா என்று கொதித்தவர்கள் உண்டு. மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் தலையிட்டு அனுமதி கொடுத்தார். அந்த மாணவிதான் பின்னாளில் மருத்துவராகி, சென்னை சட்டமன்ற மேலவைத் துணைத்தலைவராகி, தேவதாசி முறை ஒழிப்புக்கு வழிவகுத்தார். கொதித்தவர்களின் பெயர் யாருக்காவது நினைவிருக்கிறதா?

நான் 11ஆம் வகுப்போடு எஸ்.எஸ்.எல்.சி. முடித்தேன் என்றால் பேரன் சிரிக்கிறான். நியாயமா?
- தாத்தா, குரோம்பேட்டை

பேரனுக்கு வரலாறு பாடத்தில் மதிப்பெண் எவ்வளவு என்று கேளுங்கள். அப்போது பள்ளிப்படிப்பு பதினோரு வருடம். அதன் பிறகு கல்லூரிக்குப் போய் ஒரு வருடம் பி.யூ.சி. கோத்தாரிக் குழு 1964-66இல் பரிந்துரைத்த 10+2+3 முறையைத் தமிழ்நாடு 1978இல் நடைமுறைப்படுத்தியது. பி.யூ.சி. கல்லூரியிலிருந்து கழன்று, பிளஸ் டூவாகப் பள்ளிக்குள் வந்தது. முதல் பிளஸ் டூ பொதுத்தேர்வு 1980இல் நடந்தது. புறநகர்ப் பெண்களுக்கு இது பெரிய திருப்பம். பி.யூ.சி. என்றால் ரயில் ஏறி நகரத்துக் கல்லூரிக்குப் போகவேண்டும்; 'பதினாறு வயசுப் பெண்ணைத் தனியா அனுப்புவதா' என்று வீட்டில் பேச்சு முடிந்துவிடும். பிளஸ் டூ பக்கத்துத் தெருவுக்கே வந்தபோது, அந்தப் பேச்சு ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த ஒரு வருடத்தில் எத்தனையோ கல்யாணங்களும் தள்ளிப்போயின.

பி.டி. வாத்தியார், பி.ஜி. வாத்தியார் என்கிறார்கள். யார் பெரியவர்?
- ஏழாம் வகுப்பு மாணவன், போரூர்

தம்பி, பட்டதாரி ஆசிரியர்களைத்தான் பி.டி. என்கிறோம். 10ஆம் வகுப்பு வரை அவர்களுடைய ராஜ்யம். முதுநிலைப் பட்டதாரி ஆசிரியர்கள் பி.ஜி.; அவர்களுக்கு பிளஸ் ஒன், பிளஸ் டூ. ஹெச்.எம். நாற்காலிக்கு மேல்நிலைப்பள்ளியில் இரண்டு வழி உண்டு: உயர்நிலைப்பள்ளித் தலைமை ஆசிரியராக இருந்து வருவது ஒன்று, பி.ஜி. ஆசிரியராக இருந்து வருவது மற்றொன்று. எந்த வழி உசத்தி என்று ஸ்டாஃப் ரூமில் கேட்டுவிடாதே. அன்றைக்கு யாரும் வகுப்புக்கு வரமாட்டார்கள்.

உடற்கல்வி மாஸ்டருக்கு விளையாட்டைத் தவிர எல்லா வேலையும் இருக்கிறதே?
- கபடி ரசிகர், மாதவரம்

பிரேயர் வரிசை, லேட்டாக வருகிறவர்களைப் பிடிப்பது, முடி வெட்டாதவனைக் கண்டுபிடிப்பது, குடியரசு தினக் கொடிக்கயிறு, மேடைக்குப் பந்தல், கூட்டத்துக்கு மைக். எல்லாம் முடிந்து விசிலை வாயில் வைக்கும்போது கணக்கு வாத்தியார் வந்து, 'சார், இந்த பீரியட் எனக்குக் குடுங்க, போர்ஷன் முடியல' என்பார். பள்ளிக்கூடத்தில் கடன் வாங்கித் திருப்பித் தராத ஒரே பொருள் விளையாட்டுப் பாடவேளைதான்.

'ஏ' செக்‌ஷனில் மட்டும் நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். சரியா?
- 'டி' செக்‌ஷன் அப்பா, திருமுல்லைவாயல்

தவறு. எல்லா மட்டத்துப் பிள்ளைகளையும் ஒரே வகுப்பில் உட்காரவைப்பதற்குத்தான் பொதுப் பள்ளி. வாசலில் எல்லோரையும் சேர்த்துக்கொண்டு, உள்ளே போனதும் மதிப்பெண்ணை வைத்துப் பிரித்தால், வெளியில் இருக்கும் படிக்கட்டை உள்ளேயும் கட்டுகிறோம் என்று பொருள். 'ஏ' செக்‌ஷனுக்கு நல்ல வாத்தியார், 'டி' செக்‌ஷனுக்குக் காலிப் பணியிடம் என்று அமைந்துவிட்டால் மே மாதத்தில் வரும் ரிசல்ட்டை ஜூனிலேயே எழுதிவிட்டோம். இதைப் பள்ளி மேலாண்மைக் குழுவில் கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. 'டி' செக்‌ஷன் அப்பா என்று மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இங்கிலீஷ் மீடியம் பிரிவு எங்கள் அரசுப் பள்ளியிலும் இருக்கிறதாமே?
- ஆட்டோ ஓட்டுநர், மதுரவாயல்

இருக்கிறது. 2012-13 வாக்கில் அரசுப் பள்ளிகளில் ஆங்கில வழிப் பிரிவுகள் வேகமாகப் பெருகத் தொடங்கின. தனியார் பள்ளிக்கு ஓடும் பிள்ளைகளை நிறுத்திவைக்க எடுத்த முயற்சி. பெரும்பாலும் இரண்டு பிரிவுக்கும் அதே ஆசிரியர்கள்தான். காலையில் தமிழில் ஒளிச்சேர்க்கை சொல்லிக்கொடுத்தவர், மதியம் அதையே ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுக்கிறார். நோட்டில் ஆங்கிலம், விளக்கம் தமிழில். எந்த வழி என்பதைவிட, வகுப்பில் ஆசிரியர் இருக்கிறாரா என்று முதலில் பாருங்கள்.

சமச்சீர்க் கல்வி வந்ததால் என்ன மாறியது?
- மளிகைக் கடைக்காரர், ஊரப்பாக்கம்

உங்கள் கடையில் தொங்கும் நோட்ஸ் வகைகள் குறைந்திருக்குமே! முன்பு மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிக், ஆங்கிலோ இந்தியன், ஓரியண்டல் என்று நான்கு தனித்தனி வாரியங்கள். முத்துக்குமரன் குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 2010இல் சட்டம் வந்தது. முதல் வருடம் 1, 6ஆம் வகுப்புகளுக்கு. அடுத்த வருடம் ஆட்சி மாறி, திட்டம் நிறுத்தப்பட்டு, வழக்கு உச்சநீதிமன்றம் வரை போனது. 2011 ஆகஸ்ட் 9இல் தீர்ப்பு வந்தபிறகுதான் பிள்ளைகளுக்குப் புத்தகம் கிடைத்தது. இன்று குரோம்பேட்டை அரசுப் பள்ளி மாணவியும் பக்கத்து மெட்ரிக் பள்ளி மாணவியும் ஒரே பாடப்புத்தகத்தைத்தான் படிக்கிறார்கள். மற்றதெல்லாம் சமமாகிவிட்டதா என்று கேட்டால், கட்டண ரசீதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மதியச் சோறு யார் கொண்டுவந்தது? வீட்டில் தினமும் கட்சிச் சண்டை.
- நடுநிலை வகிக்கும் மருமகள், பல்லாவரம்

எல்லோருக்கும் ஒரு பிடி கொடுத்துச் சண்டையை முடியுங்கள். 1920இல் தியாகராயச் செட்டியார் காலத்தில் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பள்ளியில் மதிய உணவு போட்டது, அது நீதிக்கட்சி. 1950களின் நடுவில் காமராஜர் மாநிலம் முழுக்க மதிய உணவைக் கொண்டுபோனார். கூட நின்றவர் கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு, அது காங்கிரஸ். 1982 ஜூலை 1இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம், 1984இல் அது 15 வயது வரையிலான மாணவர்களுக்கும் விரிந்தது, அது அ.தி.மு.க. முட்டையை 1989இல் தட்டில் வைத்தது தி.மு.க. அரசு. நூறு வருடமாக ஆளாளுக்கு ஒரு கரண்டி போட்டிருக்கிறார்கள். இப்போதைக்குச் சண்டை போடவேண்டிய இடம் வேறு. 2022இல் தொடங்கிய காலை உணவு 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. மதிய உணவு 10ஆம் வகுப்போடு. வளரும் வயதில் பசி மட்டும் பிளஸ் டூ வரை தொடர்ந்து படிக்கிறது.

இலவச சைக்கிளை மாணவர்கள் விற்றுவிடுகிறார்கள். இது வீண்செலவுதானே?
- வரி கட்டுபவர், வேளச்சேரி

ஒரு சிலர் விற்கிறார்கள். பலர் ஓட்டுகிறார்கள்; ஓட்டுகிறவர்களைப் பற்றிச் செய்தி வராது. 2001-02இல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்காகத் தொடங்கிய திட்டம், 2005-06இல் பிளஸ் ஒன் மாணவர், மாணவியர் எல்லோருக்குமானது. தொடங்கிய இடத்தைக் கவனியுங்கள். பள்ளியிலிருந்து யார் முதலில் நின்றுவிடுகிறாரோ, அவர் கையில் முதல் சைக்கிள். மேல்நிலைப்பள்ளி ஊருக்கு ஊர் கிடையாது. பேருந்து நிறுத்தத்திலிருந்து மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கும் புதுக் குடியிருப்பிலிருந்து வரும் பெண்ணுக்கு, அந்த சைக்கிள்தான் பதினோராம் வகுப்பு.

ஆணும் பெண்ணும் சேர்ந்து படித்தால் கவனம் சிதறாதா?
- கவலையுள்ள அப்பா, மேடவாக்கம்

செல்போன் வைத்துக்கொண்டு தனியாகப் படித்தால் சிதறாதா? இருபாலர் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து கூடவே படிக்கிறவள், பையனுக்குப் புதிராக இருப்பதில்லை. அவள் தன்னைவிட வேகமாகக் கணக்குப் போடுவதைத் தினமும் பார்க்கிறான். பொதுத்தேர்வுத் தேர்ச்சி விகிதத்தில் ஆண்டுக்கு ஆண்டு மாணவிகளே முந்துகிறார்கள். சிதறுவது யாருடைய கவனம் என்று அந்தப் பட்டியலே சொல்லும். பயப்படவேண்டிய விஷயம் வேறு ஒன்று: வகுப்புக்கு நடுவே சுவர் எழுப்பியதுபோல இரண்டு பக்கம் உட்காரவைத்து, பேசினாலே குற்றம் என்று வளர்த்தால், அது பெயரளவில்தான் இருபாலர் பள்ளி.

எங்கள் பள்ளியில் மாணவிகள் காலையிலிருந்து தண்ணீரே குடிப்பதில்லை. காரணம் கேட்டால் சொல்ல மறுக்கிறார்கள்.
- தாய், பெருங்களத்தூர்

காரணம் கழிப்பறை. தாழ்ப்பாள் இல்லை, தண்ணீர் இல்லை, அல்லது மாணவர்கள் நிற்கும் இடத்தைக் கடந்து போகவேண்டும். மாணவர், மாணவியருக்குத் தனித்தனிக் கழிப்பறையும் குடிநீரும் கட்டாயம் என்று உச்சநீதிமன்றம் 2012இலேயே உத்தரவிட்டிருக்கிறது. கட்டிவிடுகிறார்கள், சுத்தம் செய்ய ஆள் வைப்பதில் கோட்டைவிடுகிறார்கள். இருபாலர் பள்ளி நன்றாக நடக்கிறதா என்று அறிய நோட்டீஸ் போர்டைப் பார்க்கவேண்டாம், மாணவிகள் கழிப்பறைத் தாழ்ப்பாளைப் பாருங்கள். மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதைப் போடச் சொல்லுங்கள். வேறு வகைத் தொல்லை எதுவும் இருந்தால், 14417 என்ற கல்வி உதவி எண்ணுக்கோ 1098க்கோ தயங்காமல் பேசுங்கள். இந்த ஒரு பதிலில் நகைச்சுவை கிடையாது.

முன்பெல்லாம் ஸ்டேட் ஃபர்ஸ்ட் என்று பேப்பரில் படம் வருமே, இப்போது ஏன் இல்லை?
- பத்திரிகை சேகரிப்பவர், நங்கநல்லூர்

2017இல் ரேங்க் பட்டியலை அரசு நிறுத்திவிட்டது. லட்டு ஊட்டும் புகைப்படம் எடுத்தே வாழ்ந்த புகைப்படக்காரர்களுக்கு நஷ்டம். மற்ற எல்லோருக்கும் லாபம். புறநகர் அரசுப் பள்ளிகளுக்குக் கூடுதல் லாபம்: முதல் தலைமுறையாக 35 எடுத்துத் தேறிய பிள்ளையின் வீட்டிலும் அன்றைக்கு நிம்மதியாகப் பாயசம் வைக்கலாம்.

பிளஸ் ஒன் பொதுத்தேர்வை ஏன் கொண்டுவந்தார்கள், ஏன் எடுத்தார்கள்?
- குழம்பிய மாணவி, முடிச்சூர்

கொண்டுவந்தது 2017-18இல். சில தனியார் பள்ளிகள் பதினோராம் வகுப்புப் பாடத்தையே நடத்தாமல் இரண்டு வருடமும் பன்னிரண்டையே மனப்பாடம் செய்யவைத்தன, அதைத் தடுக்கத்தான். கூடவே பிளஸ் டூவின் 1200 மதிப்பெண் 600 ஆனது. எடுத்தது 2025இல், மாநிலக் கல்விக் கொள்கை வெளியானபோது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு என்று மூன்று வருடம் வரிசையாகப் பொதுத்தேர்வு என்றால் பிள்ளைகள் எப்போதுதான் படிப்பார்கள்? ஆனால் ஒன்று: தேர்வு போனதும் பாடத்தையும் விட்டுவிட்டால், பழைய வியாதி திரும்பிவிடும்.

அரசுப் பள்ளியில் படித்ததற்கு ஏதாவது பலன் உண்டா?
- பிளஸ் டூ மாணவனின் அண்ணன், பட்டாபிராம்

உண்டு, சட்டமாகவே உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்து நீட் தேர்வில் தகுதி பெற்றவர்களுக்கு மருத்துவ இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020இல் வந்தது. நீதிபதி கலையரசன் குழு கேட்டது 10, கிடைத்தது 7.5. அடுத்த வருடம் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்ற படிப்புகளுக்கும் விரிந்தது. கல்லூரிக்குப் போகும் மாணவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் 'புதுமைப் பெண்' 2022இல், மாணவர்களுக்கான 'தமிழ்ப் புதல்வன்' 2024இல். தம்பியின் 6ஆம் வகுப்பிலிருந்துள்ள படிப்புச் சான்றிதழைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். சைக்கிளைவிட விலை அதிகம்.

வடமாநிலத்திலிருந்து வந்த குடும்பம். டி.சி. இல்லை, பிறப்புச் சான்றும் இல்லை. குழந்தையைச் சேர்க்க முடியுமா?
- கட்டட மேஸ்திரி, நாவலூர்

முடியும், மேஸ்திரி. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி 8ஆம் வகுப்பு வரை டி.சி. வரவில்லை, வயதுச் சான்று இல்லை என்ற காரணங்களுக்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. 2006ஆம் ஆண்டுத் தமிழ் கற்றல் சட்டத்தால் அந்தக் குழந்தை தமிழும் படிக்கும். ஆறு மாதம் கழித்து உங்கள் தளத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்பட்டால், சம்பளம் கேட்காத ஆள் தயார்.

கண்ணகி நகர், பெரும்பாக்கம் பள்ளிகளைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?
- சமூகப் பணியாளர், சோழிங்கநல்லூர்

பேசுவோம். ஆற்றங்கரையிலும் கால்வாய்க் கரையிலும் குடியிருந்தவர்களை நகருக்குள்ளிருந்து எடுத்து, அடுக்குமாடிகளில் குடியமர்த்திய இடங்கள் அவை. வீடு மாற்றும் தேதியை முடிவு செய்யும் அதிகாரி பள்ளிக் காலண்டரைப் பார்ப்பதில்லை. கல்வியாண்டின் நடுவே சாமான் ஏற்றினால், பிள்ளை பழைய பள்ளிக்கு இரண்டு பஸ் மாறிப் போகவேண்டும், அல்லது புதுப் பள்ளியில் நடுவில் சேரவேண்டும், அல்லது நின்றுவிடவேண்டும். மூன்றாவதுதான் சுலபம். புறநகர்ப் பள்ளியின் வேலையில் பாதி, நகரம் எடுத்த முடிவுகளைச் சரிசெய்வது. லாரி வருவதற்கு முன்பே வகுப்பறையும் ஆசிரியரும் வந்திருக்கவேண்டும் என்பதை மறுகுடியமர்வு விதியாகவே ஆக்கவேண்டும்.

'மகிழ் முற்றம்' என்றால் என்ன? என் பெண் 'நான் பாலை' என்கிறாள்.
- அம்மா, கூடுவாஞ்சேரி

பதறாதீர்கள். 2024இல் அரசுப் பள்ளிகளில் வந்த மாணவர் குழு அமைப்பு அது. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து அணிகள். வகுப்பு, செக்‌ஷன் பேதமில்லாமல் பிள்ளைகளைக் கலந்துபோட்டு, போட்டிகளும் பொறுப்புகளும் தருகிறார்கள். பணக்காரப் பள்ளிகளின் சிவப்பு, நீலம், பச்சை ஹவுஸ்களுக்கு நம் பதில் ஐந்திணை. பாலைக்காரி ஜெயித்து வந்தால் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுங்கள்.

கையில் கலர்க் கயிறு கட்டிவந்த மாணவனை ஆசிரியர் கண்டித்தார். ஊரே திரண்டுவிட்டது. யார் பக்கம் நியாயம்?
- வாசகர், திருவள்ளூர்

சாதியைக் காட்டும் கயிறு என்றால் ஆசிரியர் பக்கம். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க அமைந்த நீதிபதி கே. சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை, இத்தகைய அடையாளங்களுக்குத் தடை வேண்டும் என்றே பரிந்துரைத்தது. சீருடை எதற்கு? யார் வீட்டுப் பிள்ளை என்பது தெரியக்கூடாது என்பதற்கு. சட்டையால் மறைத்ததை மணிக்கட்டில் எழுதக்கூடாது. ஆனால் ஆசிரியர் அடித்திருந்தால் அதுவும் தவறு. உடல் தண்டனையைக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்திருக்கிறது. கயிற்றையும் பிரம்பையும் ஒரே நாளில் வெளியே போடலாம்.

பெற்றோர் ஆசிரியர் கழகம், பள்ளி மேலாண்மைக் குழு: இரண்டும் ஒன்றா?
- வேலைக்குப் போகும் தாய், ஆதம்பாக்கம்

இல்லை. கழகம் பழையது. காலிப் பணியிடத்துக்குத் தற்காலிக ஆசிரியரை வைத்துச் சம்பளம் கொடுத்தே பல பள்ளிகளைத் தாங்கியது. மேலாண்மைக் குழு 2009 சட்டத்தின் பிள்ளை. உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள் இருக்கவேண்டும். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வருகிற பணம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் அதன் வேலை. நடைமுறையில் கையெழுத்து மட்டும் கேட்டு நோட்டு வீட்டுக்கு வந்தால், 'படிச்சுட்டுப் போடறேன்' என்று சொல்லுங்கள். பிள்ளைகளிடம் தினமும் நாம் சொல்வதுதானே?

பள்ளிக் கல்வி இயக்ககம் இருக்கும் டி.பி.ஐ. வளாகத்துக்குப் போகவேண்டும் என்றால் ஆட்டோக்காரரிடம் என்ன சொல்வது?
- மாறுதல் கேட்கும் ஆசிரியர், பூந்தமல்லி

2022 முதல் அதிகாரப்பூர்வமாக அது பேராசிரியர் அன்பழகன் கல்வி வளாகம். ஆட்டோக்காரரிடம் 'காலேஜ் ரோடு, டி.பி.ஐ.' என்று சொன்னால் போதும். மாறுதல் உத்தரவுதான் அத்தனை சுலபமாகக் கிடைக்காது.

பழைய மாணவர்கள் நாங்கள் சேர்ந்து பள்ளிக்கு ஒரு ஆர்ச் கட்டித் தரலாம் என்று நினைக்கிறோம். உங்கள் யோசனை?
- 1990களின் பிளஸ் டூ குழு, ஆவடி

ஆர்ச் வேண்டாம். அதன் கீழே யாரும் பாடம் படிப்பதில்லை. ஹெச்.எம்.மிடம் என்ன குறைகிறது என்று கேளுங்கள். லேப் பொருள், நூலகத்துக்கு அலமாரி, மாணவிகள் கழிப்பறைக்குத் தண்ணீர்த் தொட்டி என்று ஏதாவது வரும். 2022இல் தொடங்கிய 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டம் வழியாகக் கொடுத்தால் கணக்கும் இருக்கும். பெயரைப் பொறித்தே ஆகவேண்டும் என்றால் தொட்டியின் மேல் பொறியுங்கள். மோட்டார் போடும்போதெல்லாம் உங்கள் நினைவு வரும்.

கடைசியாகக் கேட்கிறேன். என் மகளை 6ஆம் வகுப்பில் பக்கத்து இருபாலர் அரசுப் பள்ளியில் சேர்க்கலாமா?
- முடிவெடுக்க முடியாத அப்பா, வண்டலூர்

சேருங்கள். ஆனால் மூன்று விஷயம் பார்த்துவிட்டு. ஒன்று, கணக்கு, அறிவியல், ஆங்கில ஆசிரியர் பணியிடம் நிரம்பியிருக்கிறதா? இரண்டு, மாணவிகள் கழிப்பறை. மூன்று, மேலாண்மைக் குழு கடைசியாக எப்போது கூடியது? மூன்றும் சரியாக இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள். ஒன்று குறைந்தாலும் சேருங்கள். சேர்த்துவிட்டு அந்தக் குழுவில் நீங்களும் நில்லுங்கள். கேள்வி கேட்கத் தெரிந்த பெற்றோர் எல்லோரும் பீஸ் கட்டி வெளியேறியதுதான் இந்தப் பள்ளிகளுக்கு நேர்ந்த பெரிய நஷ்டம். உங்கள் மகள் உள்ளே போனால் ஒரு மாணவி கூடுவாள். நீங்களும் கூடப் போனால் பள்ளி மாறும். அடுத்த கூட்டத்துக்கு மறக்காமல் போங்கள்.